சும்மா இருக்குறவங்க யாரு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, வேலை, வேலையில்லாத் திண்டாட்டம், அரசாங்கம் யாரை உழைக்கிறவங்கன்னு கணக்குல எடுக்குது, இதைப் பத்தி மனசுல இருக்குறதை கேளுங்கன்னு எழுதியிருந்தேன். வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல பெண்கள் எழுதினது. அதுல ஒரே ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருது, "சும்மா". "நான் வீட்ல சும்மாதான் இருக்கேன், ஆனா ஒரு டவுட்டு" அப்படின்னுதான் நிறைய பேர் ஆரம்பிக்கிறாங்க. பேர் போட வேண்டாம்னு பல பேர் கேட்டுக்கிட்டதால எல்லாருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கேன்.

அக்கா, எங்க அம்மா முப்பது வருஷமா வீட்லயே பீடி சுத்துறாங்க. அதுலதான் என்னை டிகிரி வரைக்கும் படிக்க வச்சாங்க. ரேஷன் கார்டுல குடும்பத் தலைவின்னு இருக்கு. சொந்தக்காரங்க கேட்டா "வீட்லதான் இருக்கா"ன்னு சொல்றாங்க. அரசாங்க கணக்குல எங்க அம்மா தொழிலாளியா இல்லையா?
– ஒரு வாசகி, தென்காசி பக்கம்

தொழிலாளிதான் தங்கச்சி, அதுல உனக்கு சந்தேகமே வேண்டாம். ஆனா எந்த கணக்கை எடுத்துப் பாக்குறோம்ங்கிறதைப் பொறுத்து உங்க அம்மாவுக்கு பேர் மாறிக்கிட்டே இருக்கும்.

உங்க பக்கம் நான் வந்திருக்கேன். மடியில சுளகு, சுளகுல ஒரு ஓரம் தூள், ஒரு ஓரம் நனைச்சு வச்ச இலை, தகரத்துல செஞ்ச அளவை இலை மேல வச்சு கத்தரிச்சு, தூளைத் தூவி, சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டி, இது எல்லாம் கண்ணு டிவியில இருக்கும்போதே கை தானா பண்ணிக்கிட்டு இருக்கும். நடுவுல உலை கொதிக்கும், அதை எறக்கிட்டு வந்து மறுபடி உக்காருவாங்க. சாயங்காலம் கட்டு கட்டி பீடிக்கடைக்கு கொண்டு போனா அங்க ஒருத்தர் கழிவு பாப்பாரு, சரியில்லன்னு சிலதை ஒதுக்கிடுவாரு, ஒதுக்கினதுக்கு கூலி கிடையாது. இதை நேர்ல பாத்த யாருக்கும் "வீட்லதான் இருக்கா"ன்னு சொல்ல வாய் வராது.

இப்போ கணக்குக்கு வருவோம். 1966லயே பீடி, சுருட்டு தொழிலாளர்களுக்குன்னு தனிச் சட்டம் வந்துச்சு, வீட்ல உக்காந்து சுத்துறவங்களும் தொழிலாளிதான்னு அந்தச் சட்டம் தெளிவா சொல்லிச்சு, அடையாள அட்டை, பிஎஃப் எல்லாமும் கேட்டு வாங்க முடிஞ்சுது. மக்கள்தொகை கணக்கெடுப்புல, அதான் சென்சஸ்ல, இதே வேலை "வீட்டுத் தொழில்"ங்கிற தலைப்புல வரும். யாருக்கு வேலை இருக்கு, யாருக்கு இல்லன்னு பாக்க மத்திய புள்ளியியல் துறை எடுக்குற பிஎல்எஃப்எஸ்னு ஒரு சர்வே இருக்கு, 2017 ஏப்ரல்ல இருந்து நடக்குது, அதுல உங்க அம்மா மாதிரி இலையும் தூளும் வாங்கிட்டு வந்து வீட்ல செஞ்சு குடுக்குறவங்களை "சுயதொழில்" செய்யிறவங்கன்னு போடுவாங்க. யோசிச்சுப் பாரு, இலை அவங்களோடது இல்ல, ரேட்டு அவங்க வைக்கிறது இல்ல, விக்கிறது அவங்க இல்ல, ஆனா பேரு சுயதொழில். கடை வச்சிருக்குற முதலாளியும் உங்க அம்மாவும் ஒரே பெட்டியில வந்துடுறாங்க.

அதனால சட்டத்துல தொழிலாளி, சென்சஸ்ல வீட்டுத் தொழில், சர்வேல சுயதொழில், ரேஷன் கார்டுல குடும்பத் தலைவி, தெருவுல சும்மா இருக்குறவங்க. ஒரே மனுஷிக்கு இத்தனை பேரு. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் தர்றது கடைசிப் பேருதான், ஏன்னா மத்த நாலும் ஒரு ஆபீஸ்ல உக்காந்து யாரோ முடிவு பண்ணது, இது மட்டும் கூட இருந்து பாத்துக்கிட்டே இருக்குற நாம சொல்றது. பீடித் தொழிலாளர் அட்டை இருக்கான்னு அம்மாகிட்ட கேளு, இல்லன்னா அதை முதல்ல வாங்குற வழியைப் பாரு.

எங்க தெருவுல டிகிரி முடிச்ச பசங்க பத்து பேர் வேலை இல்லாம இருக்கோம். ஆனா நாட்டுல வேலையில்லாதவங்க 3 சதவீதம்தான்னு நியூஸ்ல வருது. இது எப்படிங்க உண்மையா இருக்க முடியும்? பொய்க் கணக்கா?
– ஒரு வாசகர், சேலம்

கோபம் நியாயமானது தம்பி. பொய்க் கணக்குன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அந்த 3 சதவீதம் எதுல 3 சதவீதம்ங்கிறதை யாரும் சேர்த்து சொல்றதில்ல, குழப்பம் அங்கதான்.

2023 ஜூலைல இருந்து 2024 ஜூன் வரைக்கும் எடுத்த பிஎல்எஃப்எஸ் கணக்கை எடுத்துக்குவோம். நாட்டை 15 வயசுக்கு மேற்பட்ட நூறு பேர் இருக்குற ஒரு தெருவா நினைச்சுக்கோங்க. அந்த நூறு பேர்ல வேலை செய்யிறவங்களும் வேலை தேடுறவங்களும் சேர்ந்து 60 பேர். இதைத்தான் உழைப்பாளர் பங்கேற்பு விகிதம்னு சொல்றாங்க. இந்த 60ல வேலையில இருக்குறவங்க 58. மிச்சம் ரெண்டு பேர்தான் வேலை தேடியும் கிடைக்காதவங்க. அந்த ரெண்டை, துல்லியமா சொன்னா 1.9ஐ, நூறால இல்ல, 60ஆல வகுத்தா 3.2 சதவீதம் வருது. நீங்க நியூஸ்ல கேட்ட நம்பர் இதுதான். மீதி 40 பேர் இந்தக் கணக்குக்குள்ளயே வரல, அவங்க படிக்கிறவங்க, வீட்டு வேலை மட்டும் பாக்குறவங்க, வயசானவங்க, முடியாதவங்க. அதோட, தேடித் தேடி வெறுத்துப் போய் இனிமே தேடப் போறதில்லன்னு விட்டவங்களும் அந்த 40லதான் இருக்காங்க. தேடுறதை விட்ட உடனே ஒருத்தர் வேலையில்லாதவர் பட்டியல்ல இருந்து மறைஞ்சுடுறாரு, அவருக்கு வேலை கிடைச்சுட்டதால இல்ல.

இன்னொன்னு, "வேலையில இருக்குறவர்"னா யாரு? இந்த வருடாந்திரக் கணக்குல கடந்த 365 நாள்ல பெரும்பகுதி என்ன பண்ணீங்கன்னு பாப்பாங்க, பெரும்பகுதி வேலை இல்லன்னா கூட 30 நாளோ அதுக்கு மேலயோ ஏதாவது வேலை செஞ்சிருந்தா நீங்க வேலையில இருக்குறவர்தான். வாராந்திரக் கணக்குன்னு ஒன்னு இருக்கு, அதுல போன ஏழு நாள்ல ஏதோ ஒரு நாள் ஒரே ஒரு மணி நேரம் வேலை செஞ்சிருந்தா போதும். ஒரு மணி நேரமான்னு கேப்பீங்க, இது நம்ம அரசாங்கம் தனியா கண்டுபிடிச்சது இல்ல, சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1982 மாநாட்டுல எல்லா நாட்டுக்கும் பொதுவா வச்ச அளவு. ஒரு நாட்டோட மொத்த உழைப்பையும் விட்டுப்போகாம பிடிக்கிறதுக்கு அது சரியான அளவுதான், ஆனா ஒருத்தர் அந்த வேலையை வச்சு வாழ முடியுதான்னு அது சொல்லாது, சொல்றதுக்காக செஞ்சதும் இல்ல.

வேலையில இருக்குற அந்த 58 பேரையும் கொஞ்சம் கிட்டக்கப் போய் பாருங்க. அதுல மாசச் சம்பளம் வாங்குறவங்க கிட்டத்தட்ட 13 பேர்தான். அன்னாடக் கூலி 11, 12 பேர். மிச்சம் 34 பேர் சுயதொழில், அதுல நிலம் வச்சு விவசாயம் பண்றவரு, தள்ளுவண்டி போட்டவரு, நம்ம தென்காசி அம்மா, அப்பா கடையில கல்லாவுல உக்காந்திருக்குற பையன் எல்லாரும் சேர்த்தி. நம்ம நாட்டுல வேலை இல்லாம வீட்ல உக்கார வசதி இருக்குறவங்க ரொம்ப கம்மி, பொழைக்கணும்னா ஏதாவது ஒன்னு பண்ணித்தான் ஆகணும், அப்படிப் பண்ற உடனே அவங்க வேலையில இருக்குறவங்க ஆயிடுறாங்க. அதனால வேலையின்மை விகிதம் கம்மியா இருக்குறதை வச்சு சந்தோஷப்பட முடியாது, எந்த மாதிரி வேலைன்னுதான் கேக்கணும்.

உங்க பத்து பேர் விஷயமும் அந்த சர்வேல இல்லாம இல்ல. 15ல இருந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்களை மட்டும் தனியா எடுத்தா அதே வருஷத்துல வேலையின்மை 10.2 சதவீதம், அதாவது மொத்த நம்பரோட மூணு மடங்கு. படிச்சவங்க கிட்ட இன்னும் அதிகமா இருக்குறதுக்கு காரணம், கடன் வாங்கிப் படிச்ச பையன் கிடைச்ச கூலிக்குப் போகாம ஒன்னு ரெண்டு வருஷம் காத்திருக்கான். வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்சு வச்சிருக்குற பல லட்சம் பேரையும் சிலர் இதோட சேர்த்துக் குழப்பிக்கிறாங்க, அது வேற கணக்கு, அதுல படிச்சுக்கிட்டே இருக்குறவங்களும் இருப்பாங்க, ஏற்கனவே வேலையில இருந்துக்கிட்டு அரசு வேலைக்கு காத்திருக்குறவங்களும் இருப்பாங்க.

வேலைக்குப் போறவங்க விகிதம் குறைஞ்சா அந்த ஊர் பின்தங்கிப் போச்சுன்னு அர்த்தமா?
– ஒரு மாணவி, திருச்சி

எப்பவுமே அப்படி இல்லம்மா. பதினாறு வயசுப் பொண்ணு தீப்பெட்டி ஒட்டப் போனா விகிதம் ஏறும், அதே பொண்ணு ப்ளஸ் டூ படிக்கப் போனா விகிதம் இறங்கும். உயர்கல்வி கணக்கெடுப்பு 2021-22படி கல்லூரி வயசுல இருக்குறவங்கள்ல கல்லூரியில சேர்ந்திருக்குற விகிதம் நாட்டுல 28 சதவீதம் சொச்சம், தமிழ்நாட்டுல 47. அப்ப 18ல இருந்து 23 வயசு வரைக்கும் உள்ளவங்க வேலைக்குப் போற விகிதம் நம்மகிட்ட கம்மியா இருந்தா அது நல்ல சேதிதான். எந்த நம்பரைப் பாத்தாலும் எந்த வயசுக்காரங்கன்னு முதல்ல கேளு.

நான் அஞ்சு ஏக்கர் வச்சு விவசாயம் பண்ணினவன், இப்போ ரெண்டு ஏக்கர்தான் இருக்கு, அதையும் குத்தகைக்கு விட்டுட்டேன். எங்க ஊர்ல எனக்குத் தெரிஞ்சு இருபது குடும்பம் இப்படி. இது எங்க ஊர் கதை மட்டுமா, இல்ல எல்லா இடத்துலயும் நடக்குதா அம்மா?
– ஒரு விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

ஐயா, எல்லா இடத்துலயும்தான் நடக்குது, சென்சஸ்லயே பதிவாகியிருக்கு. தமிழ்நாட்டுல 2001ல சொந்தமாவோ குத்தகைக்கோ சாகுபடி செய்யிறவங்க 51.16 லட்சம் பேர். 2011ல அது 42.48 லட்சம். பத்து வருஷத்துல கிட்டத்தட்ட எட்டே முக்கால் லட்சம் விவசாயிங்க குறைஞ்சு போனாங்க. அதே பத்து வருஷத்துல விவசாயக் கூலித் தொழிலாளிங்க 86.38 லட்சத்துல இருந்து 96.06 லட்சமா ஏறினாங்க. ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்போ எனக்கு கொஞ்ச நேரம் எதுவும் எழுத ஓடல. குறைஞ்சவங்க அத்தனை பேரும் அப்படியே கூலியா மாறினாங்கன்னு இதை வச்சு சொல்லிட முடியாது, சில பேர் பிள்ளைங்களோட டவுனுக்குப் போயிருப்பாங்க, சில பேர் காலமாயிருப்பாங்க, சில பேர் கடை வச்சிருப்பாங்க. ஆனா தன் வரப்புல நின்னவரு அடுத்தவர் வரப்புல நிக்கிற கதை நிறைய நடந்திருக்குங்கிறதை மறுக்க முடியாது.

சென்சஸ்ல ஒரு விஷயம் கவனிக்கணும் ஐயா. நிலம் உங்க பேர்ல இருக்குறதால நீங்க விவசாயி ஆயிட மாட்டீங்க. குத்தகைக்கு விட்டுட்டு குத்தகை மட்டும் வாங்குறவரு அந்தக் கணக்குல சாகுபடிக்காரர் இல்ல, அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுறவருதான் சாகுபடிக்காரர். கூலி வேலைக்குப் போறவருன்னா நிலத்து மேல எந்த பாத்தியதையும் இல்லாம அடுத்தவர் நிலத்துல கூலிக்கு செய்யிறவர். அப்ப பட்டா உங்ககிட்ட இருந்தாலும் போன வருஷம் முழுக்க நீங்க எதுவும் செய்யலன்னா உங்களை வேலை செய்யாதவர்னு எழுதிடுவாங்க. நாப்பது வருஷம் சேத்துல நின்னவருக்கு அதைக் கேட்டா எப்படி இருக்கும்னு எனக்குப் புரியுது.

டெல்டால காவிரித் தண்ணி நேரத்துக்கு வராதது ஒரு காரணம், பாகம் பிரிஞ்சு பிரிஞ்சு நிலம் துண்டாப் போனது இன்னொரு காரணம், கடன் இன்னொன்னு. இதோட அறுவடை மெஷின் வந்ததும் கூலி வேலையும் குறைஞ்சுது, நடவும் களையெடுப்பும்தான் மிச்சம், அதுல குனிஞ்சு நிக்கிறது பெரும்பாலும் பெண்கள்தான். 2011 மொத்தக் கணக்குல பாத்தா தமிழ்நாட்டு உழைப்பாளிங்க 3.29 கோடி பேர்ல சாகுபடியும் விவசாயக் கூலியும் சேர்ந்து 42 சதவீதம், வீட்டுத் தொழில் 4 சதவீதம், மிச்சம் 54 சதவீதம் மத்த வேலைங்க. விவசாயத்தை விட்டு வெளிய வர்றது தப்பில்ல, எல்லா நாட்டுலயும் நடந்ததுதான், ஆனா வெளிய வந்தவரு எங்க போய்ச் சேந்தாருங்கிறதுதான் கேள்வி.

நூறு நாள் வேலைக்குப் போறவங்க கணக்குல வேலை உள்ளவங்களா, இல்லாதவங்களா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

வேலை உள்ளவங்கதான். சென்சஸ்ல வருஷத்துல ஆறு மாசமோ, அதாவது 183 நாளோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சா மெயின் ஒர்க்கர், அதுக்குக் கம்மின்னா மார்ஜினல் ஒர்க்கர். வேற எந்த வேலையும் செய்யாம ஏரி வேலைக்கு மட்டும் போறவங்க மார்ஜினல்ல வருவாங்க. 2011ல தமிழ்நாட்டுல மார்ஜினல் ஒர்க்கர் மட்டும் 49 லட்சம் பேர். நூறு நாள்ங்கிறது ஒரு ஆளுக்கு இல்ல, ஒரு குடும்பத்துக்கே நூறு நாள்னுதான் 2005 சட்டம் சொல்லிச்சு, அதையும் மறந்துடக் கூடாது.

மேடம், வேலைக்குப் போற பெண்கள் எண்ணிக்கை ஆறு வருஷத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடுச்சுன்னு ஒரு வீடியோல பாத்தேன். ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ஆனா எங்க வீட்டுப் பக்கம் அப்படி எதுவும் தெரியலையே?
– ஒரு வாசகி, மதுரை

வீடியோல சொன்ன நம்பர் சரிதான், எண்ணிக்கைன்னு சொன்னதை விகிதம்னு திருத்திக்கணும், அவ்வளவுதான். 2017-18ல 15 வயசுக்கு மேற்பட்ட பெண்கள்ல நூத்துக்கு 23 பேர் வேலையிலயோ வேலை தேடியோ இருந்தாங்க, 2023-24ல அது 41.7. நம்பர் ஏறியிருக்கு, உண்மை. எங்க ஏறியிருக்குன்னு பாத்தாத்தான் உங்க வீட்டுப் பக்கம் ஏன் தெரியலைங்கிறது புரியும்.

அதே ஆறு வருஷத்துல வேலை செய்யிற பெண்கள்ல விவசாயத்துல இருக்குறவங்க 57 சதவீதத்துல இருந்து 64 சதவீதமா கூடியிருக்காங்க. ஒரு நாடு முன்னேறும்போது விவசாயத்துல இருந்து ஆளுங்க வெளிய வரணும், ஆம்பளைங்க வந்தாங்க, பொம்பளைங்க உள்ள போயிருக்காங்க. அதோட வேலை செய்யிற பெண்கள்ல மூணுல ஒருத்தருக்கும் மேல, 36.7 சதவீதம் பேர், "சம்பளமில்லாம குடும்பத் தொழிலுக்கு உதவி செய்யிறவங்க". அதாவது புருஷனோட வயல்ல, மாமனாரோட கடையில, வீட்டு மாட்டுக் கொட்டகையில வேலை செய்யிறாங்க, கையில காசு வராது. இதை வேலைன்னு ஒத்துக்கிட்டது நல்லதுதான். ஆனா "வேலைக்குப் போறாங்க"ன்னு நீங்க நினைச்சது இதை இல்லையே.

இந்த சர்வேக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோடு நம்பர் போடுவாங்க, அதைப் பத்தி கொஞ்சம் சொல்றேன், எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துற விஷயம். கூலி இல்லாம குடும்பத் தொழில்ல உதவுறவங்களுக்கு 21. வீட்டு வேலை மட்டும் பாக்குறவங்களுக்கு 92. வீட்டு வேலையோட சேர்த்து விறகு பொறுக்கிட்டு வர்றது, கீரை பறிக்கிறது, மாட்டுக்குத் தீவனம் சேர்க்கிறது, வீட்டுக்குத் துணி தைக்கிறது இதெல்லாம் பண்ணினா 93. இதுல 21 மட்டும்தான் வேலை, 92ம் 93ம் உழைப்பாளர் கணக்குக்கு வெளிய. ஒரு பொண்ணு காலையில தண்ணி தூக்கி, சமைச்சு, பிள்ளையைக் கிளப்பி, புல்லுக்கட்டு தலையில வச்சு வந்து, மாட்டைக் கறந்து, வயல்ல களையும் எடுத்துட்டு வர்றா. இதுல எங்க 21 முடிஞ்சு எங்க 93 ஆரம்பிக்குதுன்னு அவளுக்கே தெரியாது. சர்வேக்கு வந்தவர் எத்தனை கேள்வி கேட்டாரு, பதில் சொன்னது அவளா அவ புருஷனாங்கிறதைப் பொறுத்து அந்த நம்பர் மாறிடும். பெண்களோட பங்கேற்பு விகிதம் திடீர்னு ஏறுறதுலயும் இறங்குறதுலயும் இதுக்கும் ஒரு பங்கு இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன்.

2023ல பொருளாதார நோபல் வாங்கின கிளாடியா கோல்டின் அம்மையார், அமெரிக்காவோட இருநூறு வருஷக் கணக்கைத் தோண்டி எடுத்தப்போ இதே பிரச்சினைதான் அவங்களுக்கும். பழைய பதிவேட்டுல கல்யாணமான பொண்ணுங்க பேருக்கு எதிர்ல "மனைவி"ன்னு மட்டும் எழுதி விட்டிருக்காங்க, பண்ணையில செஞ்சது, வீட்ல நெசவு செஞ்சது எதுவும் எழுதல. அதையெல்லாம் திருத்தி சேர்த்தப்போ பெண்கள் வேலைக்குப் போறது நேர்கோடா ஏறல, விவசாயம் இருந்த காலத்துல அதிகமா இருந்து, பேக்டரி காலத்துல இறங்கி, அப்புறம் படிப்பும் ஆபீஸ் வேலையும் வந்தப்போ மறுபடி ஏறி, ஒரு கிண்ணம் மாதிரி வளைஞ்சு வந்துச்சுன்னு காட்டினாங்க.

நம்ம ஊருக்குன்னு ஒரு நல்ல சேதியும் சொல்லணும். இந்தியாவுல பேக்டரியில வேலை செய்யிற பெண்கள்ல பத்துல நாலு பேருக்கும் மேல தமிழ்நாட்டுலதான் இருக்காங்க. திருப்பூர் பனியன் கம்பெனி, ஆம்பூர் ஷூ, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ், காலையில கம்பெனி பஸ்ல யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஜன்னல்ல தலை சாச்சுத் தூங்கிக்கிட்டே போற அந்தப் பிள்ளைங்கதான் அது. எனக்கு அந்த பஸ்ஸைப் பாக்குறப்போ எல்லாம் பெருமையாவும் இருக்கும், கூடவே ஒரு கவலையும் வரும், அதுல முப்பத்தஞ்சு வயசு முகம் அதிகமா இருக்காது. கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் வேலை, நகை சேர்ந்த உடனே நின்னுடுறது, இதுதான் இன்னும் நடக்குது.

நான் பி.இ. முடிச்சு ஏழு வருஷம் ஐடியில இருந்தேன். குழந்தை பொறந்ததும் விட்டேன், இப்போ அவனுக்கு அஞ்சு வயசு. எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா ஒரு நாளும் வேலையை விடல, படிச்ச நான் விட்டுட்டேன். இது எனக்கு மட்டும்தானா?
– ஒரு வாசகி, சென்னை

உனக்கு மட்டும் இல்லம்மா. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுக் கிராமத்துல பெண்கள் நூறு பேர்ல 40க்கு மேல வேலை செஞ்சாங்க, நகரத்துல 20 சொச்சம், அதாவது பாதிதான். படிப்பும் பஸ்ஸும் கம்பெனியும் இருக்குறது நகரத்துலதான், ஆனா பெண்கள் வேலையில இருக்குறது கிராமத்துலதான் அதிகம். உங்க வீட்டு அக்காவுக்கு விடுறதுக்கு வழியே இல்ல, விட்டா அடுப்பு எரியாது. உனக்கு விட ஒரு வழி இருந்துச்சு, அந்த வழிப் பக்கமா எல்லாரும் சேர்ந்து உன்னைத் தள்ளியிருப்பாங்க, "அதான் அவர் சம்பாதிக்கிறாரே"ன்னு.

2017ல பேறுகால விடுப்பை 26 வாரமா ஆக்கினாங்க, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும்னும் அதே சட்டத் திருத்தத்துல வந்துச்சு. விடுப்பு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, காப்பகம் யாருக்கும் ஞாபகம் இல்ல. ஆறு மாசம் முடிஞ்சதும் குழந்தை என்ன தானா வளந்துடுமா? 2019ல முதல் தடவையா நாடு முழுக்க யாரு எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவு பண்றாங்கன்னு ஒரு கணக்கெடுப்பு நடத்தினாங்க, வீட்டு வேலைக்குன்னு பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம்தான் கம்மி. ஆண்கள் 97ங்கிறதும் வீட்டு வேலை பாக்குற ஆண்களோட சராசரிதான், அந்தப் பக்கமே போகாதவங்க இதுல சேரல. ஆபீஸ்ல ஒன்பது மணி நேரம், டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம், வீட்ல அஞ்சு மணி நேரம்னா தூங்குறது எப்போ? நீ விட்டது சோம்பல்லயும் இல்ல, ஆசை இல்லாமயும் இல்ல, ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தாங்கிறதால.

திரும்பப் போகணும்னு கடிதத்தோட கடைசில எழுதியிருக்க. பழைய சம்பளம், பழைய பதவி உடனே கிடைக்கலன்னாலும் போ. ஆனா போறதுக்கு முன்னாடி அந்த 299 நிமிஷத்துல எத்தனை நிமிஷத்தை யார் எடுத்துக்கப் போறாங்கன்னு வீட்ல உக்காந்து பேசி முடிவு பண்ணிட்டுப் போ, அதைப் பேசாமப் போன ரெண்டு பேரை எனக்குத் தெரியும், ரெண்டு பேரும் வருஷம் திரும்புறதுக்குள்ள நின்னுட்டாங்க.

இங்க ஓட்டல், கட்டடம், மில்லு எல்லாத்துலயும் வடமாநிலத் தம்பிங்கதான். அவங்க எண்ணிக்கையை எந்த மாநிலத்துல சேர்ப்பாங்க?
– ஒரு வாசகர், கோவை

வழக்கமா எங்க தங்கியிருக்காங்களோ அங்க. ஆறு மாசமா நம்ம ஊர் ஷெட்டுல தங்கி வேலை செஞ்சா அவர் நம்ம கணக்கு. ஆனா கடைசி சென்சஸ் 2011ல எடுத்தது, 2021ல நடக்க வேண்டியது கொரோனாவால தள்ளிப் போச்சு, அதனால இன்னைக்கு உங்க கண்ணு முன்னாடி இருக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க அந்தப் பழைய கணக்குல பீகார்லயோ ஒடிசாவுலயோ பள்ளிக்கூடப் பசங்களா இருப்பாங்க.

அடுத்த சென்சஸ் வரப் போகுதாமே. வீட்டுக்கு வர்றவங்க "என்ன வேலை பாக்குறீங்க"ன்னு கேட்டா நான் என்ன சொல்லணும்? ரெண்டு மாடு வச்சிருக்கேன், பூ கட்டிக் குடுப்பேன், வெயில் காலத்துல வத்தல் போட்டு விப்பேன். இதெல்லாம் வேலைன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் பக்கம்

யாரும் சிரிக்க மாட்டாங்க, சிரிக்கக் கூடாது. வரப்போற சென்சஸுக்கு 2027 மார்ச் 1ங்கிற தேதியை வச்சிருக்காங்க, ஆளுங்களை எண்ணுறது அதுக்கு முன்னாடி பிப்ரவரில வரும்.

2011 பிப்ரவரில எங்க கிராமத்து வீட்டுக்கு ஒரு டீச்சர் கணக்கெடுக்க வந்தாங்க. நான் லீவுக்குப் போயிருந்தேன். திண்ணையில உக்காந்து பெரிய தாளை மடியில விரிச்சு அப்பாகிட்ட ஒன்னொன்னா கேட்டாங்க. அப்பா, விவசாயம். அம்மான்னு கேட்டதும் அப்பா யோசிக்கவே இல்ல, "அவ வீட்லதான், சும்மா இருக்கா"ன்னுட்டாரு. அந்த நேரத்துல அம்மா பின்னாடி கொட்டகையில சாணி அள்ளிக்கிட்டு இருந்தாங்க. விடியக்காலைல நாலு லிட்டர் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்திருந்தாங்க, சொசைட்டி அட்டை மட்டும் அப்பா பேர்ல. டீச்சர் எழுதிட்டுப் போயிருந்தா எங்க அம்மா அந்தத் தாள்ல வேலை செய்யாதவங்களாவே நின்னிருப்பாங்க, ஆனா அவங்க பேனாவை எடுத்துட்டு, "மாடு யார் பாக்குறா சார்?"னு கேட்டாங்க. அப்பா, "அவதான்". "பால் ஊத்துறது?" "அவதான்". "களையெடுப்புக்கு ஆள் விடுறீங்களா?" "அவளும் ரெண்டு பேரும்தான்". அப்பாவுக்கே சொல்லச் சொல்ல குரல் இறங்கிப் போச்சு. டீச்சர் எதுவும் சொல்லல, எழுதிக்கிட்டாங்க. பெண்களோட வேலை விட்டுப் போகக் கூடாது, துருவிக் கேக்கணும்னு அவங்களுக்கு குடுத்த கையேட்டுலயே இருக்குன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. எல்லா ஊர்லயும் அந்த மாதிரி டீச்சர் கிடைக்க மாட்டாங்க, ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்கணும் அவங்களும்.

அதனால நீங்களே பதில் சொல்லுங்க, வீட்ல வேற யாரையும் உங்களுக்காக சொல்ல விடாதீங்க. போன சென்சஸ்ல கேட்டது "கடந்த ஒரு வருஷத்துல எப்பவாவது வேலை செஞ்சீங்களா"ன்னுதான், சம்பளம் வாங்கினீங்களான்னு இல்ல. உங்க மாட்டுப் பாலை விக்காம வீட்டுக்கே வச்சுக்கிட்டாக்கூட 2001ல இருந்து அது வேலைதான், அப்படித்தான் விதி. பூ கட்டுறது, வத்தல் போட்டு விக்கிறது ரெண்டும் வேலை. எத்தனை மாசம்னு கேப்பாங்க, மாடு வருஷம் முழுக்க இருக்குறதால ஆறு மாசத்துக்கு மேலன்னு தாராளமா சொல்லலாம், அப்போ நீங்க மெயின் ஒர்க்கர். சமையலையும் பிள்ளை வளர்க்குறதையும் அந்தக் கணக்கு இன்னும் வேலைன்னு எடுத்துக்கல, அது தனியா போராட வேண்டிய விஷயம். 2001 சென்சஸ்ல இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரங்களோடயும் கைதிகளோடயும் ஒரே வரிசையில போட்டிருக்காங்கன்னு 2010ல உச்ச நீதிமன்றமே கண்டிச்சுது.

மாடு, பூ, வத்தல் மூணையும் சொல்லுங்க. அவங்க எழுதுறாங்களான்னு எட்டிப் பாருங்க. எழுதலன்னா "இதையும் போட்டுக்கோங்க டீச்சர்"னு சொல்லுங்க.